வலம் வந்த சிலுவைப் பாதை

முதலில் கேட்டது செருப்புச் சத்தம்தான்.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம். மாதா கோயில் மதிலோரமாக நான் கோயிலை வலம் வந்துகொண்டிருந்தேன். காலில் செருப்பில்லை. சாமி இருக்கிற இடத்தில் செருப்போடு நடக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது, அது யார் வீட்டுச் சாமியாக இருந்தாலும். சிமென்ட் தளம் தோசைக்கல் மாதிரிக் காய்ந்து கிடந்தது. நிழல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, கோயிலின் பின்பக்க மூலையில் திரும்பினேன்.

எதிரே ஊரே வந்துகொண்டிருந்தது.

முன்னால் ஒரு பெரிய மரச்சிலுவை. அதைத் தோளில் தாங்கியபடி நாலைந்து ஆண்கள். பக்கத்தில் ஒலிபெருக்கி பிடித்த ஒருவர். அவருக்குப் பின்னால் ஃபாதர். அவருக்குப் பின்னால் ரிச்சர்ட்ஸ் டவுனில் பாதியும் எங்கள் ஜீவனஹள்ளியில் மீதியும், வெள்ளையும் கறுப்புமாக உடுத்தி, கையில் மெழுகுவத்தியோடு, காலில் ஷூவோடு. அவர்கள் எல்லோரும் இந்தப் பக்கமாக வருகிறார்கள். நான் ஒருத்தி அந்தப் பக்கமாகப் போகிறேன்.

முதல் வரிசையில் ரெஜினா டீச்சர் இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் பாட்டு நின்றுபோனது.

"சரோஜா, திரும்பு."

"எதுக்கு டீச்சர்?"

"எதுக்கா? எல்லாரும் இப்படிப் போறோம். நீ எதிர்ல வர்ற."

"நான் தவக்காலம் பூரா இப்படித்தான் வர்றேன்."

"தவக்காலம் பூராவா?" என்றார் டீச்சர். கல்யாண விருந்தில் கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு சாம்பாரில் பல்லி கிடப்பதைப் பார்த்த சமையல்காரர் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அந்த மூலையில் நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவசரமில்லை. போன வாரம் இதே பத்திரிகையில் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் பற்றி நான் வாயால் சொல்லி எழுதவைத்ததற்கே என் தம்பி மனைவி கமலா, "அண்ணி எல்லாத்தையும் பாதியில ஆரம்பிக்கிறாங்க" என்று பொம்மனஹள்ளி முழுவதும் சொல்லி வருகிறாளாம். அவளுக்காக இந்த வாரம் முதலிலிருந்தே சொல்கிறேன்.

சிவப்புச் சட்டை

எனக்கு ஒரே மகன், சேகர். அவன் அப்பா போன பிறகு நான் சேலைக்கு ஃபால் தைத்து வளர்த்த பிள்ளை. பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு பைப் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தான். அங்கே ஸ்டிரைக் நடந்தது. ஸ்டிரைக் நடந்த ஒரு சாயங்காலம், கேட்டுக்கு வெளியே சூப்பர்வைசரின் ஸ்கூட்டர் எரிந்தது.

எரித்தவன் சிவப்புச் சட்டை போட்டிருந்தான் என்று சாட்சி சொன்னார்கள். சேகர் அன்றைக்குச் சிவப்புச் சட்டை போட்டிருந்தான். வாஸ்தவம்தான். ஸ்டிரைக்கில் சிவப்புச் சட்டை போட்டவனை அடையாளம் சொல்வது, கல்யாண வீட்டில் பட்டுச் சேலை கட்டினவளை அடையாளம் சொல்வது மாதிரி. ஆனால் போலீசுக்கு அந்த அடையாளம் போதுமாக இருந்தது.

என் மகன் எரிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று வக்கீலே கேட்டார். "சார், எங்க வீட்டு ஸ்டவ்வைப் பத்த வைக்க அவனுக்கு மூணு குச்சி வேணும். அதுவும் நான் பக்கத்துல நிக்கணும்" என்றேன். இதைக் கோர்ட்டில் சொல்ல முடியாது என்றார். சொல்ல முடிந்ததை எல்லாம் சொல்லித்தான் இரண்டு தடவை ஜாமீன் கிடைக்காமல் போனது.

அப்போது ஜெயில் ஊருக்கு நடுவிலேயே இருந்தது. வெளியே பஸ்களும் பட்டாணிக்கடலை வண்டியும் இருக்கும். உள்ளே கம்பிவலைக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை நிற்பான். நூறு பேர் ஒரே சமயத்தில் கத்திப் பேசுகிற இடத்தில், "சாப்பிட்டியா" என்று கேட்டால் "சாட்சியா?" என்பான். அவன் தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. பார்த்துவிட்டு வந்து இரண்டு நாளைக்கு என்னால் ஊசியில் நூல் கோக்க முடியாது.

தீர்ப்பு ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். சாட்சியை ஜட்ஜ் நம்பினால் வருஷக்கணக்கில் உள்ளே. வக்கீல் இதை மின்சாரக் கட்டணம் சொல்வது போலச் சொன்னார்.

சாமிகளுக்கு வேலை அதிகம்

நம் சாமிகளிடம் போகாமலா இருப்பேன்? போனேன். எங்கள் தெரு முனீஸ்வரனுக்கு அந்த வருஷம் கோயில் இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவரே சிமென்ட் மூட்டைக்கு நடுவே, தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நிலைமையில் ஒருவரிடம் போய் என்ன கேட்பது?

மாரியம்மனிடம் கேட்டேன். அவளுக்கு ஆடியில்தான் கேட்கும் போலிருக்கிறது. பிள்ளையாரிடம் கேட்டேன். அவர் வழக்கம் போல முதலில் தேங்காயைக் கவனித்தார்.

அந்தச் சமயத்தில்தான் ரெஜினா டீச்சர் ஃபாலுக்குச் சேலை கொடுக்க வந்தார். ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய குடும்பம். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர். நடக்கும்போதுகூட யாருக்கோ மார்க் போடுகிற மாதிரி நடப்பார். நல்ல மனுஷி. அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

"தவக்காலம் ஆரம்பிச்சாச்சு. நீ எங்க மாதா கோயிலுக்கு வந்து சிலுவைப் பாதை பண்ணு, சரோஜா. புள்ளைங்களுக்காக அம்மாக்கள் பண்றதுதான்."

"என்ன பண்ணணும்?"

"கோயிலைச் சுத்தி மாடம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஆண்டவர் பட்ட பாடு இருக்கும். ஒவ்வொண்ணா நின்னு வேண்டிக்கிட்டுச் சுத்தி வரணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றார். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கோயிலை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று என்னை யாராவது இதுவரை கேட்டதுண்டா? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வலம்தானே வருகிறேன்.

செய்தி பொம்மனஹள்ளிக்குப் போய்ச் சேர பஸ்கூட வேண்டியிருக்கவில்லை. கமலா வந்தாள்.

"என்ன அண்ணி, வேதத்துல சேர்ந்துட்டீங்களாமே?"

"டாக்டரை மாத்தினா நோயாளி மாறிடுவாளா, கமலா?"

"அதில்ல அண்ணி, நம்ம சாமி கோவிச்சுக்குமேன்னு பார்த்தேன்."

"கோவிச்சுக்கட்டும். கோவிச்சுக்கிறதுக்காவது இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும்."

சேகரிடம் சொன்னபோது கம்பிவலைக்குப் பின்னால் சிரித்தான். "எந்தக் கோயிலுக்கு வேணா போம்மா. ஜட்ஜ் எந்தக் கோயிலுக்குப் போறாருன்னு மட்டும் கேட்டுட்டுப் போ" என்றான். அந்த மாசத்தில் அவன் சிரித்தது அது ஒரு தடவைதான். அதற்காகவே போகலாம் என்று முடிவு செய்தேன்.

ஜெயிலுக்குத் தகடு இல்லை

மாதா கோயில் வாசலில் மெழுகுவத்திக் கடைகள் வரிசையாக இருக்கும். மல்லிகைப் பூவும் உருகின மெழுகும் கலந்த வாசனை. கடைகளில் வெள்ளிநிறத் தகடுகள் விற்பார்கள். கால் வலி என்றால் கால் தகடு. கண் என்றால் கண். வீடு வேண்டும் என்றால் சின்ன வீடு, புகைபோக்கியோடு. ஜீவனஹள்ளியில் எவன் வீட்டில் புகைபோக்கி இருக்கிறது என்று தெரியவில்லை. சாமி அப்படித்தான் கட்டிக்கொடுப்பார் போலும்.

"கேஸுக்கு என்ன தகடு?" என்று கடைக்காரியிடம் கேட்டேன்.

"கேஸுன்னா? சிலிண்டரா?"

"கோர்ட்டு கேஸு. புள்ள உள்ள இருக்கான்."

அவள் டப்பாவைக் கிளறினாள். "ஸ்கூட்டர் இருக்கும்மா. வண்டி வாங்கணும்னு வேண்டிக்கிறவங்க போடறது."

"ஸ்கூட்டராலதான் உள்ள இருக்கான். அதை எடுத்து அந்தப் பக்கம் வை."

கடைசியில் ஒரு முழு ஆள் தகடு கொடுத்தாள். கையை ஒட்டவைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிற ஆள். "இது உடம்பு முழுக்க வலிக்கிறவங்களுக்கு" என்றாள். சரியாகத்தான் கொடுத்தாள்.

காரியம் முடிந்த பிறகு போடலாம் என்று அதை மடியில் முடிந்துகொண்டேன். முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சாமிகளுக்கும் கொஞ்சம் மெத்தனம் வந்துவிடுகிறது. அனுபவம்.

அவர் வீட்டுக்கு வந்த கதை

கேட்டுக்குள் நுழைந்தால் நேரே கோயில். மதிலை ஒட்டி, கோயிலைச் சுற்றிலும் கண்ணாடி போட்ட மாடங்கள். உள்ளே வர்ணம் அடித்த சிமென்ட் பொம்மைகள். மாடத்துக்கு மேலே குச்சி குச்சியாக ஏதோ கோடுகள். கீழே கல்லில், யார் நினைவாக யார் கட்டிக் கொடுத்தது என்று இங்கிலீஷில் பெயர்கள், ஆண்டவரைவிடக் கொஞ்சம் பெரியதாக. நான் மூன்றாம் வகுப்பு. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கன்னடத்தில் பஸ் பலகை தெரியும். மற்றதெல்லாம் எனக்குக் கொடியில் காய்கிற துணி மாதிரிதான்.

கேட்டிலிருந்து இடது கைப் பக்கம் திரும்பினேன். அப்போதுதானே கோயில் நமக்கு வலது கையில் இருக்கும்.

முதல் மாடத்தில் ஒரு குகை. அவரைத் துணியில் சுற்றி நாலு பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. செத்து மூன்றாம் நாள் எழுந்தார் என்று டீச்சரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். எழுந்தவரைக் குகையிலிருந்து வெளியே கொண்டுவருகிறார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்ததில் அம்மா மடியில் கிடக்கிறார். அசைவில்லை. அம்மா முகத்தில் வர்ணம் கொஞ்சம் உரிந்திருந்தது. அதற்கடுத்ததில் சிலுவையில் இருக்கிறார். அதற்கும் அடுத்ததில் சிலுவை தரையில் கிடக்கிறது, ஒருவன் சுத்தியலோடு அவர் கைமேல் குனிந்திருக்கிறான். ஆணியைப் பிடுங்குகிறான் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? எழுந்த மனுஷனுக்கு யாராவது ஆணி அடிப்பார்களா?

அப்புறம் அவருடைய துணியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அப்புறம் விழுந்து கிடந்தவர் எழுந்திருக்கிறார். சில பெண்கள் அவரைப் பார்த்து அழுகிறார்கள். மறுபடியும் எழுந்திருக்கிறார். ஒரு பெண் முகம் துடைக்கத் துணி கொடுக்கிறாள். ஒருவன் பாரத்துக்குக் கை கொடுக்கிறான். பிறகு ஒரு மாடத்தில், நடுத்தெருவில், அவர் அம்மா எதிரே வந்து நிற்கிறாள். இப்போது அவர் நின்றுகொண்டிருக்கிறார். கண் திறந்திருக்கிறது. அம்மாவைப் பார்க்கிறார்.

அந்த மாடத்துக்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நிற்பேன்.

அதற்குப் பிறகு இன்னொரு தடவை எழுந்திருக்கிறார். அப்புறம் அவர் தோளிலிருந்து சிலுவையை இறக்கி வாங்கிக்கொள்கிறார்கள். கடைசி மாடத்தில், கேட்டுக்குப் பக்கத்திலேயே, பெரிய நாற்காலியில் ஓர் அதிகாரி. அவருக்கு ஒருவன் தண்ணீர் ஊற்றுகிறான், கை கழுவுகிறார். கேஸ் முடிந்தது, சாப்பாட்டு நேரம், நீ போகலாம் என்கிறார். இவர் அவருக்கு முன்னால் கையைக் கட்டி நிற்கிறார். இரண்டு எட்டு வைத்தால் கேட். கேட்டுக்கு வெளியே ஜீவனஹள்ளி பஸ்.

இதைவிட நல்ல கதையை எந்தக் கோயிலிலும் நான் பார்த்ததில்லை. வாரத்தில் பாதி நாள், தையலை வைத்துவிட்டு, ஆளில்லாத மத்தியானமாகப் பார்த்துப் போய்ச் சுற்றினேன். ஒவ்வொரு மாடத்திலும் அவர் இருந்த இடத்தில் சேகரை வைத்துப் பார்த்தேன். தப்பா? தெரியாது. அவர் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

வாட்ச்மேன் அந்தோணியப்பா தினமும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கன்னடக்காரர், அதிகம் பேசமாட்டார். பின்னாளில் ஒருநாள், "நான் தப்பாச் சுத்தறேன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "நீவு கேளலில்லவல்லம்மா" என்றார். நான் கேட்கவில்லையாம். கேட்டாலும் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம். செருப்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மோட்சத்துக்கு வழி சொல்வது ஃபாதர் வேலை.

என் வீட்டுக்காரர் செருப்பு

செருப்பு என்றதும் இது ஞாபகம் வருகிறது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், செப்டம்பர் மாசத் தேர்த் திருவிழாவுக்கு என் வீட்டுக்காரர் என்னை இதே கோயிலுக்குக் கூட்டி வந்தார். தேரில் மாதா, காவிச் சேலையில் பெண்கள், பேரிக்காய் விற்கிறவர்கள், மழைச் சேறு.

அவர் கல்யாணத்துக்கு வாங்கின புதுச் செருப்பை வாசலில் பயபக்தியோடு கழற்றி வைத்தார். திரும்பி வந்தால் இல்லை. உள்ளே பார்த்தால் ஊர்ச் சனம் முழுக்கச் செருப்போடு நின்று கும்பிடுகிறது. சேற்றில் வெறுங்காலோடு வீடு வரைக்கும் நடந்து வந்தார். வழி முழுக்க ஒரே பேச்சு: "செருப்போட உள்ள விடற சாமி இருக்கே, அது விஷயம் தெரிஞ்ச சாமி."

அதற்குப் பிறகு அவர் எந்தக் கோயிலுக்கும் செருப்புப் போட்டுக்கொண்டு போனதில்லை. வீட்டிலிருந்தே வெறுங்கால். பக்தி என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. செத்தவருக்கு நல்ல பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.

மறுபடி அந்த மூலை

இப்போது பெரிய வெள்ளிக்கு வருவோம்.

அன்றைக்குக் கூட்டம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தோடு சேர்ந்து நடக்கலாம் என்றுதான் போனேன். எல்லோரும் வலதுபக்க மதிலோரம் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசி மாடத்தில் எதற்கு இவ்வளவு பேர், அதற்குள் முடித்துவிட்டார்களா, நாம்தான் தாமதம் என்று நினைத்து, நான் பாட்டுக்கு இடதுபக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தேன்.

பின்பக்க மூலையில் முட்டிக்கொண்டோம். டீச்சர் என் கையைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து ஓரமாக இழுத்தார். ஒலிபெருக்கி எங்களைத் தாண்டிப் போனது.

"உனக்கு யாரு இப்படிச் சொன்னது? அதோ, கேட்டுக்கு வலதுபக்கம்தான் முதலாவது. பிலாத்து அவருக்குச் சாவுத் தீர்ப்பு கொடுக்கறான். அங்க ஆரம்பிக்கணும்."

"அவரு கை கழுவிட்டுப் போகச் சொல்றாரே, டீச்சர்?"

"போகச் சொல்றானா? சாகச் சொல்றான். எனக்கு இதுல சம்பந்தமில்லைன்னு கை கழுவறான். அப்புறம் சிலுவையைத் தோள்ல வைக்கறாங்க. விழறாரு. ஆணி அடிக்கறாங்க. சாகறாரு. கல்லறையில வைக்கறாங்க. அங்கதான் முடியுது. நீ முடிவுலேருந்து வந்திருக்க."

திங்கட்கிழமை தீர்ப்பு. அதிகாரி நாற்காலி, கை கழுவுகிற தண்ணீர், எல்லாம் நான் தினமும் பார்த்ததுதான். ஆனால் அது கடைசிப் படம் இல்லையாம். முதல் படமாம்.

"பரவாயில்லை, ஆண்டவர் ஏத்துப்பாரு. தெரியாமத்தானே செஞ்ச. இப்ப திரும்பி எங்களோட வா" என்றார் டீச்சர். முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளவும் செய்தார். பள்ளிக்கூடத்துக் கை.

திரும்பிப் பார்த்தேன். என் கணக்குப்படி அவருக்கு ஆணி கழன்றாகிவிட்டது. துணி கிடைத்தாகிவிட்டது. எழுந்து நடந்தும் விட்டார். இன்னும் கொஞ்ச தூரத்தில் அவர் அம்மா தெருவில் காத்திருக்கிறாள். அதற்கப்புறம் வீடு. இப்போது திரும்பினால், மறுபடியும் அந்தச் சுத்தியல்காரனிடம் போகவேண்டும்.

"நான் வரல, டீச்சர்."

"சரோஜா, பிடிவாதம் பிடிக்காத. இத்தனை பேரும் அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோறோம். நீ ஒருத்தி எதிர்ல போனா என்ன அர்த்தம்?"

"நீங்க கொண்டுபோங்க. நான் கூட்டிக்கிட்டு வர்றேன்."

டீச்சர் என் முதுகிலிருந்து கையை எடுத்தார். காற்றில் அவர் மெழுகுவத்தி அணைந்துவிட்டிருந்தது. அதைக் கவனிக்காமலே பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். அம்மாவும் மகனும் தெருவில் சந்திக்கிற அந்த மாடத்தை டீச்சர்தான் கட்டிக் கொடுத்திருந்தார். கீழே கல்லில் இருந்தது அவர் மகன் ஆல்வினின் பெயர். ஒரு மழை நாள், மோட்டார் பைக், லாரி. ரிச்சர்ட்ஸ் டவுனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அம்மா மடியில் மகன் கிடக்கிற மாடத்தைத்தான் டீச்சர் முதலில் கேட்டாராம். அதை ஒரு நகைக்கடைக் குடும்பம் முன்பே எடுத்துவிட்டிருந்தது. துக்கத்துக்கும் ரிசர்வேஷன் வேண்டியிருக்கிறது இந்த ஊரில்.

நான் மதிலோடு ஒட்டி நின்றேன். கூட்டம் என்னை உரசிக்கொண்டு போனது. ஒரு அம்மாள், "ஏன் இந்தம்மா வழியில நிக்குது?" என்றாள். யார் வழி என்று நான் கேட்கவில்லை. கடைசி ஆள் போனதும் என் பாட்டுக்கு நடந்தேன். கை கழுவுகிறவரின் முன்னால் வந்து நின்று, "ஐயா, நீங்க என்ன சொன்னீங்களோ, எனக்குத் தெரியாது. நான் அவனைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வந்து ஒரு டம்ளரை என் கையில் வைத்தார்.

"இந்தா. உப்பு கம்மி."

உப்பு உண்மையிலேயே கம்மிதான்.

யாரால் ஆனது

திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போனோம். ஜட்ஜ் லீவு. கை கழுவக்கூட வரவில்லை. வாய்தா போட்டார்கள்.

அடுத்த தேதியில் வந்தார். கன்னடத்தில் விறுவிறுவென்று எதையோ படித்தார். கமலாவின் வீட்டுக்காரர், அதாவது என் தம்பி, என் தோளை அழுத்தினான். சிவப்புச் சட்டை மட்டும் போதாதாம். சேகரை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "தோசை இருக்காம்மா?" என்றான். ஊற்ற ஊற்றச் சாப்பிட்டான். ஸ்டவ்வை நான்தான் பற்ற வைத்தேன். அவனை நம்பினால் மூன்று குச்சி.

பிறகு ஆரம்பித்தது பங்கு பிரிப்பு. தன் வாதத் திறமை என்றார் வக்கீல். முனீஸ்வரனுக்குத் தான் வேண்டிக்கொண்டதால்தான் என்றாள் கமலா, சிமென்ட் மூட்டையோடு இருந்தவருக்கு. யூனியன்காரர்கள் போராட்டத்தின் வெற்றி என்று போஸ்டர் ஒட்டினார்கள். அதில் சேகர் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். பெரிய வெள்ளியன்று அத்தனை பேர் சேர்ந்து சொன்ன ஜெபம் வீண் போகாது என்றார் ரெஜினா டீச்சர்.

நான் சுற்றியது யார் கணக்கிலும் வரவில்லை. வரவேண்டும் என்று நானும் கேட்கவில்லை. நம்பித்தான் சுற்றினாயா என்று சேகர் ஒருநாள் கேட்டான். "அதைத் தெரிஞ்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற, தோசையைச் சாப்பிடு" என்றேன்.

வெயில்

மடியில் முடிந்த தகட்டைக் கொடுக்க வேண்டுமே. மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம் மாதா கோயிலுக்குப் போனேன். முழு ஆள் தகட்டை உண்டியலில் போட்டேன். சத்தமில்லாமல் விழுந்தது.

திரும்பும்போது ரெஜினா டீச்சரைப் பார்த்தேன்.

மதிலோரம் தனியாக நடந்துகொண்டிருந்தார். கல்லறை மாடத்தைத் தாண்டி, அம்மா மடியில் மகன் கிடக்கிற மாடத்துக்கு வந்தார். அங்கே நிற்கவில்லை. நான் என் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசல் பக்கமே நின்றேன். அவர் மெதுவாகக் கோயிலின் பின்பக்கம் போய் மறைந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து வெளியே வந்தார். தன் மாடத்துக்கு முன்னால் நின்றார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார், கீழே கல்லைத் துடைத்தார், மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

இத்தனை வருஷமும் அந்த மாடத்துக்கு அவர் வந்தபோதெல்லாம், எல்லாம் இனிமேல்தான் நடக்கவேண்டியிருந்தது. அன்றைக்கு எல்லாம் முடிந்தபிறகு வந்து நின்றார்.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். முகத்தைச் சரிசெய்துகொண்டு, வகுப்புக்குள் நுழைகிற மாதிரி நடந்து வந்தார்.

"அந்தப் பக்கம் ஒரே வெயிலு, சரோஜா. அதான் இப்படி வந்தேன்."

அண்ணாந்து பார்த்தேன். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. ஜீவனஹள்ளிப் பக்கம் இடிகூட இடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது இந்த வாரப் பத்திரிகையைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

"ஆமா டீச்சர், தாங்க முடியல" என்று சொல்லி, முந்தானையை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டேன்.